தக்காளியின் அடிப்பக்கம் ஏன் கறுக்கிறது?

மாடித்தோட்டத்துத் தக்காளி காம்புப் பக்கம் பளபளவென்று இருக்கும். திருப்பிப் பார்த்தால், அடியில் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குத் தோல்போலக் காய்ந்த கறுப்பு வட்டம். இது பூச்சியின் வேலையல்ல. அந்த இடத்துக்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேரவில்லை.

கால்சியம் வேர் உறிஞ்சும் நீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். அந்த நீரை இழுப்பவை இலைகள். வெயிலில் அவை ஆவியாக விடும் நீர் மிக அதிகம். மெழுகுத் தோல் கொண்ட காய் விடுவதோ சொற்பம். அதனால் சத்தும் இலைப் பக்கமே ஓடுகிறது.

காயின் அடிமுனை, வாய்க்காலின் கடைமடை வயல் மாதிரி. தண்ணீர் ஒழுங்காக வந்தால் அதற்கும் எட்டும். முறை தவறினால் முதலில் காய்வது அதுதான்.

தொட்டியில் ஒரு நாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்றிருந்தால் இந்தக் குறை எளிதில் வரும். முட்டை ஓட்டுத் தூள் உடனே உதவாது. அது மண்ணில் கரைய மாதக்கணக்காகும். பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கிறது, சுமந்துபோக நீர்தான் இல்லை. தினமும் காலையில் நீர் ஊற்றி, மண்மேல் சருகை மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிலைக்கும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலை பெருத்து, காயின் பங்கு இன்னும் குறையும்.

கறுத்த காய் தேறாது, பறித்துவிடலாம்.