கரிசல் அடுப்படி - 14: வத்தல் போட்ட சாக்லேட் பால்

மார்கழியில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு விடிகாலை பஸ் ஏறினால், வழியில் கொத்தமல்லிக் காடுகள் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். ஐப்பசி மழைக்கு விதைத்தது. அதன்பிறகு கரிசல் பிடித்து வைத்த ஈரமும் பனியும்தான் அதற்குத் தண்ணீர். அறுப்பு தை, மாசியில். ஆக, மல்லி அதிகம் தேவைப்படும் பனிக்காலத்தில் நாம் இடிப்பது போன வருஷத்து மல்லியை. கருப்பட்டியும் அப்படித்தான், கோடையில் பதநீர் காய்ச்சியது, மார்கழியில் பானையிலிருந்து வெளியே வருகிறது.

இந்த இரண்டோடு சுக்கைத் தட்டிப் போட்டால் சுக்குமல்லி காபி. பெரியவர்கள் ரசித்துக் குடிப்பார்கள். பிள்ளைகள் டம்ளரைத் தள்ளி வைப்பார்கள். அதே சரக்கில் கோக்கோவையும் பாலையும் ஒரு துண்டு மிளகாய் வத்தலையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.

சாக்லேட்டில் வத்தலா என்று முகம் சுளிக்க வேண்டாம். மெக்சிகோவில் ஆஸ்டெக் மக்கள் கோக்கோ விதையை அரைத்து, தண்ணீரில் கரைத்து, மிளகாய் சேர்த்தே குடித்தார்கள். நம் டீ மாஸ்டர் போல உயரத் தூக்கி ஊற்றி நுரை கட்ட வைத்தார்கள். பாலும் சீனியும் ஐரோப்பியர் கைக்குப் போனபின் சேர்ந்தவை. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். அது போர்ச்சுகீசியரோடு வந்து நம் மானாவாரியில் வேர்விட்டது. பக்கத்து ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. கோக்கோவைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1798இல் குற்றாலத்தில் நட்டுப் பார்த்தது. நிழலும் ஈரமும் கேட்கிற மரம். நம் பொட்டலுக்கு வராது. இன்று பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது.

இரண்டு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் மல்லியை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுங்கள். கருகினால் கசக்கும். அதோடு நாலு மிளகு, சுண்டுவிரல் நுனியளவு சுக்கு. இடிகல்லில் ஒன்றிரண்டாக இடித்தால் போதும். மாவாக்கினால் அடியில் மண்டி நிற்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் பொடியையும், விதை நீக்கிய வத்தல் துண்டு ஒன்றையும் போட்டு முக்கால் டம்ளராக வற்ற விட்டு, தட்டிய கருப்பட்டியைப் போட்டுக் கரைந்ததும் வடிகட்டுங்கள். கருப்பட்டியில் தூசி, மண் இல்லாமல் இருக்காது. வடிகட்டாமல் குடித்தால் பல்லில் நறநறக்கும்.

கருப்பட்டியை வாங்கும்போது உடைத்துப் பாருங்கள். உடன்குடி, சாயல்குடி என்று பெயர் சொல்லி விற்பதெல்லாம் அங்கே காய்ச்சியதல்ல. சீனி கலந்ததென்றால் உடைந்த இடம் மினுங்கும்.

கோக்கோ பவுடர் இரண்டு ஸ்பூன், இனிப்புச் சேர்க்காததாக. டிரிங்கிங் சாக்லேட் என்று வருகிற டப்பாவில் பெரும்பங்கு சீனிதான். பவுடரை நேராகப் பாலில் கொட்டினால் கட்டி தட்டும். வடிகட்டிய சுடுதண்ணீரில் கொஞ்சம் விட்டுக் குழைத்துக்கொண்டு, மீதியையும் அதிலேயே கலந்துவிடுங்கள்.

பாலில்தான் பலர் கோட்டை விடுவது. கருப்பட்டியைப் போட்டுக் கொதிக்க வைத்தால் பால் திரிந்துவிடும். ஒன்றரை டம்ளர் பாலைத் தனியாகக் காய்ச்சி, அடுப்பை அணைத்து, பொங்கல் அடங்கியபிறகு கோக்கோக் கரைசலை விட்டு ஆற்றுங்கள். மறுபடி அடுப்பில் ஏற்றக்கூடாது. கெட்டிப் பாலாக இருந்தால் நல்லது. காரம் பாலின் கொழுப்பில் கரைந்து நாக்கை விட்டுவிடும், தொண்டையில் மட்டும் லேசாகச் சுடும்.

திருச்சுழிக்காரர்களுக்கு மார்கழித் திருவாதிரை கூடுதல் விசேஷம். ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று, திருவாதிரைத் திருநாள் இரவில் நள்ளிரவு கடந்து, அந்த ஊரில்தான் பிறந்தார். அன்றைக்குக் களி உண்டு. அதோடு இதைக் கொடுக்காதீர்கள், இனிப்பின்மேல் இனிப்பு திகட்டும். ராத்திரி இட்லிக்குப் பிறகு கொடுங்கள்.

சளி பிடித்தவருக்குச் சுக்குமல்லி காபியே சரி, இது அதற்கு மாற்றில்லை. சர்க்கரை நோயுள்ளவர்கள், கருப்பட்டிதானே என்று இரண்டாவது டம்ளர் கேட்க வேண்டாம். கருப்பட்டியும் சர்க்கரைதான்.