சிமெண்டுத் தரையும் தண்ணீரும்



வீடு கட்டுகிறவர் சுவரையும் கூரையையும் முடிப்பதற்குள் கைப்பொருள் பெரும்பாலும் கரைந்துவிடும். தரை மட்டும் சொரசொரப்பான கான்கிரீட்டாக எஞ்சி நிற்கும். பென்னாகரமோ, அரூரோ, பாலக்கோடோ, தருமபுரி மாவட்டத்தில் எந்த ஊரிலும் ஏழைக் குடும்பத்துக்கு இந்தத் தொல்லை பொதுவானது. பளிங்கும் ஓடும் வாங்க வழியில்லாதவர்களுக்கு நம் பாட்டன் காலத்துச் சிவப்புத் தரை இன்றும் கைகொடுக்கும். வீட்டார் தம் கையாலேயே அதை இட்டுக்கொள்ளலாம்.

அதன் செந்நிறம் இரும்பு ஆக்சைடு என்னும் பொடியால் வருவது. துருப்பிடித்த ஆணியிலும் செம்மண்ணிலும் நாம் காண்பது இதன் இனமே. வெயிலும் சிமெண்டின் காரமும் அதை வெளுக்கச் செய்வதில்லை.

பழைய கான்கிரீட்டை முதலில் உளியால் ஆங்காங்கே கொத்திவிட்டு, தூசு போகக் கழுவி, ஓரிரவு ஈரமாக வைக்கவேண்டும். மறுநாள் தேங்கிய நீரை ஒற்றி எடுத்துவிட்டுச் சிமெண்டுப் பால் பூசவேண்டும். அது காயுமுன் ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் சேர்ந்த கலவையை முக்கால் அங்குலக் கனத்துக்கு இட்டு, மணியாசுக் கட்டையால் மட்டம் செய்யவேண்டும். மூன்றடி, நான்கடிச் சதுரங்களாகப் பிரித்து இட்டால் வெடிப்பு தாறுமாறாக ஓடாது. கலவை ஈரமாக இருக்கும்போதே சிவப்புச் சிமெண்டை மெல்லியதாகப் பூசிக் கரணையால் அழுத்தித் தேய்க்கவேண்டும். நிறப்பொடி சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகலாகாது. வீடு முழுவதற்கும் வேண்டியதை ஒரே தடவையில் உலர்வாகக் கலந்துகொண்டால்தான் நிறம் ஒன்றுபோல் இருக்கும். சிமெண்டு தோலைப் புண்ணாக்கும். ஆகையால் கையுறை அவசியம். 25 சதுர மீட்டர் வீட்டுக்கு ஏறத்தாழ ஏழு மூட்டை சிமெண்டு போதும்.

வேலை இத்துடன் முடிந்ததென்று எண்ணுவதே பலர் செய்யும் பிழை. சிமெண்டு களிமண்ணைப்போல் உலர்ந்து இறுகுவதன்று. அதன் துகள்கள் நீருடன் வேதியியல் முறையில் கூடிப் புதிய படிகங்களாகப் பின்னிக்கொள்கின்றன. நீர் இடையில் ஆவியாகிவிட்டால் அந்தப் பின்னல் பாதியிலேயே நின்றுபோகும். தரை புழுதி கக்கும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே கலவையை இரண்டு கொட்டாங்கச்சிகளில் நிரப்புங்கள். மறுநாள் ஒன்றை வெயிலிலும் மற்றொன்றைத் தண்ணீர் வாளியிலும் வையுங்கள். பத்து நாள் கழித்து இரண்டையும் ஆணியால் கீறினால் உண்மை விளங்கும். சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூக்கற்கள் சூளையைக் கண்டவை அல்ல. நீரில் ஊறியே அவை உறுதி பெறுகின்றன.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2000ஆம் ஆண்டு விதி, வறண்ட வெப்பமான இடங்களில் கான்கிரீட்டைப் பத்து நாளுக்குக் குறையாமல் ஈரமாக வைக்கவேண்டும் என்கிறது. தருமபுரியோ அடிக்கடி வறட்சி காணும் பூமி. குடிக்கவே குடத்துடன் காத்திருப்பவர் தரைக்கு எங்கே போவார்?

அதற்கும் வழி உண்டு. பாத்தி கட்டி நீர் நிறுத்துவதைவிட, தரையெங்கும் நனைந்த சாக்குகளைப் பரப்பி, அவற்றின்மேல் பிளாஸ்டிக் தாளை மூடினால் நீர் வீணாகாது. காலையும் மாலையும் சிறிது தெளித்தால் போதும். பாத்திரம் கழுவ எடுத்த எண்ணெய்ப் பிசுக்குள்ள நீர் மட்டும் ஆகாது. கிணறு ஊறியிருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இவ்வேலையை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஈரம் முற்றும் அகன்றபின் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்துவர, நாளடைவில் மெருகேறும்.

ஆகவே, உங்கள் வீட்டில் தரை போடும்போது அந்தப் பத்து நாளும் சாக்கை நனைக்கும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் உங்கள் குடும்பம் நடமாடப்போகும் தரையின் வலிமை அந்தக் கவனத்தில் இருக்கிறது.