சக்கர நாற்காலியும் இரயில் பயணமும்

இரயில் பயணம் என்றாலே நமக்கு ஆனந்தம்தான். ஆனால் சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவர், நம் தருமபுரி மாவட்டத்து மொரப்பூர் நிலையத்தில் சென்னை வண்டி ஏறுவது எப்படி என்று நாம் எண்ணியதுண்டா?

சாதாரண இரயில் பெட்டியின் தளம் தண்டவாளத்திலிருந்து 120 சென்டிமீட்டருக்கும் மேல் உயரத்தில் உள்ளது. உயரமான நடைமேடையோ 76 முதல் 84 சென்டிமீட்டர் வரைதான். இடையில் ஏறக்குறைய ஒரு முழம்! நமக்கு அது படி, அவருக்கோ சுவர்.

பல விரைவு வண்டிகளில் அகன்ற வாயிலுள்ள தனிப்பெட்டி ஒன்று கார்டு பெட்டியோடு சேர்ந்து வருகிறது. துணையின்றிச் செல்ல இயலாதவருக்கும் உடன் செல்பவருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதக் கட்டணச் சலுகையும் உண்டு. எனினும், வண்டி ஓரிரு நிமிடமே நிற்கும் ஊர்களில், கோடியிலுள்ள அப்பெட்டியை அடைவதற்குள் நேரம் போய்விடும். சாய்தளம் இல்லையேல் பிறர்தான் தூக்கி ஏற்ற வேண்டும். தூக்கும் கைகள் அன்புடையவையே. ஆயினும் மூட்டையைப் போல் ஏற்றப்பட யார் விரும்புவர்?

2015-இல் தொடங்கிய சென்னை மெட்ரோவில் நடைமேடையும் பெட்டியும் ஏறத்தாழ ஒரே மட்டம். நாற்காலி உருண்டே உள்ளே செல்கிறது. ஆகவே, தடை அவர் காலில் இல்லை, படியில்தான் உள்ளது என்பது விளங்கும். இரயில் நிலையங்களில் ஏற்ற வசதிகள் செய்து தருமாறு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பணிக்கிறது.

அந்த வசதி எங்கும் வரும்வரை, கை கொடுக்குமுன் “எப்படி உதவட்டும்?” என்று அவரையே கேட்போம்.