ஓடும் நீரும் கல்லூரி வகுப்பும் – 6: சாயக்கோடு கலையும் இடம்

சென்ற இதழில் பெர்னூலியின் சமன்பாட்டைப் பற்றிப் பேசியபோது, உராய்வே இல்லாத ஒரு கற்பனை நீரைத் துணைகொண்டு கணிதம் எத்தனை தூரம் செல்ல முடிந்தது என்று கண்டோம். உராய்வுள்ள மெய்யான நீரை மாணவர் முதன்முதலாகச் சந்திக்கும் இடம் பௌதிகப் பரிசோதனைச்சாலை. ஆதலால் இவ்வாரம் அதற்குள் நுழைவோம்.

பி.எஸ்ஸி. வகுப்பில் பௌதிகம் பயில்வோரில், நீரின் பாகுநிலையைக் காணும் பரிசோதனையைச் செய்யாதவர் அரியர். செங்குத்தாக நிறுத்திய பியூரெட்டின் அடியில் ரப்பர் குழாயால் ஒரு நுண்துளைக் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதனை மேசைமீது மட்டமாகக் கிடத்தி, நீர்மட்டம் ஐந்தைந்து கன சென்டிமீட்டராக இறங்குவதற்கு ஆகும் நேரத்தைக் குறித்து, குழாயின் உள்ளாரத்தை நகரும் நுண்ணோக்கியால் அளந்து, இவற்றையெல்லாம் புவாஸேயின் சூத்திரத்தில் இட்டு, அறையின் வெப்பநிலை 30 டிகிரியாக இருக்கும்போது 0.008 பாய்ஸ் என்ற விடையை ஒருவாறு எட்டிவிட்டால், மாணவருக்கும் திருப்தி, ரெக்கார்டு நோட்டில் கையொப்பமிடும் ஆசிரியருக்கும் திருப்தி. ஆரம் நான்காம் படியில் வருவதால், அதனை அளப்பதில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் விடையில் நூற்றுக்கு நான்கு பிழைக்கும் என்பதையும் கவனமுள்ள ஆசிரியர் சொல்லாமல் விடுவதில்லை.

ஆயினும் அதே மாணவரிடம், அவர் வீட்டு மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் அரை அங்குலக் குழாயில் நீர் எவ்வளவு வரும் என்று கணக்கிடச் சொன்னால், அவர் சிறிதும் தயங்காமல் இதே சூத்திரத்தை எடுத்தாளுவார். விடையும் பெருந்தவறாக வந்து நிற்கும். பரிசோதனைச்சாலையில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையில், வினாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் நீர் ஓடுவதாகக் கொள்வோம்: வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி, பாகுநிலையை அடர்த்தியால் வகுத்து வரும் அளவினால் அதனை வகுத்தால் 250 கிடைக்கும். வீட்டுக் குழாயிலோ, வினாடிக்கு ஒரு மீட்டர் வேகமென்று வைத்துக்கொண்டால், அதே கணக்கு ஏறக்குறைய 16,000 என்று முடியும். இரண்டும் ஒரே நீர்தான். ஆனால் முன்னது ஒழுங்காக அடுக்கடுக்காய் வழுகிச் செல்ல, பின்னது புரண்டும் சுழன்றும் செல்வதால், வழவழப்பான குழாயிலேயே தடை புவாஸேயின் சூத்திரம் சொல்வதைப்போல் ஏழு மடங்காகிவிடுகிறது.

புவாஸே பாரீஸில் வாழ்ந்த வைத்தியர். உடலின் நுண்ணிய நாளங்களில் இரத்தம் ஓடும் முறையை அறிய விரும்பியே, ஒரு மில்லிமீட்டருக்கும் மிகக் குறைந்த துளைகளையுடைய கண்ணாடிக் குழாய்களில் பரிசோதனை செய்தார். ஆகையால் புரளும் நீரை அவர் சந்திக்க நேரவே இல்லை. அதே காலத்தில், 1839-இல், பித்தளைக் குழாய்களைக் கொண்டு அதே விதியைத் தனியே கண்ட ஜெர்மானியப் பொறியியலாளர் ஹாகன், வேகம் ஒரு வரம்பைக் கடந்ததும் குழாயின் வாயிலிருந்து வரும் தாரை தெளிவிழந்து துடிப்பதைக் கவனித்தார். பின்னர் கண்ணாடிக் குழாயில் மரத்தூளைக் கலந்து விட்டும் பார்த்தார். நம் பாடநூல்கள் வைத்தியரின் சூத்திரத்தை ஏற்றுக்கொண்டு, பொறியியலாளரின் எச்சரிக்கையைக் கைவிட்டன. மருந்தைக் கொடுத்துப் பத்தியத்தைச் சொல்லாமல் அனுப்பியது போலாயிற்று.

அந்த எச்சரிக்கையை எண்ணாக மாற்றியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். 1868-இல், தமது இருபத்தைந்தாம் வயதில், மான்செஸ்டர் நகரின் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியராக அமர்ந்தவர் அவர். அவரிடம் பயின்றவருள் ஒருவர், பதினான்காம் வயதிலேயே அக்கல்லூரியில் சேர்ந்து, பிற்காலத்தில் எலக்ட்ரானைக் கண்ட ஜே. ஜே. தாம்ஸன். தம் ஆசிரியரின் வகுப்பைப் பற்றி அவர் எழுதிவைத்திருப்பது, பயிற்சிக் கல்லூரிகளில் 'பாடம் நடத்தும் முறை' கற்பிக்கும் எவரையும் திடுக்கிடச் செய்யும். வகுப்பு இருப்பதையே மறந்துவிடும் பேராசிரியரை அழைத்துவரச் சேவகரை அனுப்ப வேண்டியிருக்கும். அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டே விரைந்து வந்து, மேசைமேல் கிடக்கும், ராங்கின் என்ற பொறியியலாளரின் நூலைக் கைபோன இடத்தில் திறந்து, கண்ணில் பட்ட சூத்திரம் பிழையென்று அறிவித்து, அதனை நிரூபிக்கக் கரும்பலகையின் பக்கம் திரும்புவார். மாணவருக்கு முதுகைக் காட்டியபடி தமக்குத் தாமே பேசிக்கொண்டு எழுதுவதும், அழிப்பதும், வேறு வழியில் தொடங்குவதுமாக நேரமெல்லாம் கழிய, மணியடிக்கும் தறுவாயில், ராங்கின் சொன்னதே சரியென்று முடிப்பார்.

இதைக் கேட்டு, மேதைகள் நல்லாசிரியர் ஆகமாட்டார் என்று தீர்ப்புக் கூறிவிடுவது எளிது. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. அச்சிட்ட சூத்திரம் ஒவ்வொன்றும் ஒருவர் விசாரணைக்கு உட்பட்டது என்பதைத் தாம்ஸன் அவ்வகுப்பில்தான் கண்ணாரக் கண்டிருக்க வேண்டும். எனினும் தாம்ஸன்கள் நிறைந்த வகுப்பு எங்கும் அமைவதில்லை; அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் இம்முறையைக் கையாண்டால், மாணவர் குறிப்பேட்டில் எஞ்சுவது அழித்தெழுதிய கோடுகளாகவே இருக்கும்.

கரும்பலகையில் குழம்பிய அம்மனிதர் பரிசோதனையில் காட்டிய தெளிவு வியக்கத்தக்கது. 1883-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் வருணிக்கும் உபகரணம், கண்ணாடிப் பக்கங்களையுடைய ஒரு நீர்த்தொட்டி. அதனுள் மூழ்கிக் கிடக்கும் ஒரு கண்ணாடிக் குழாய். நீர் நெருடலின்றி நுழையும்படி அதன் முகப்பில் பொருத்திய, மெருகிட்ட மரப்புனல். புனலின் நடுவே வண்ணநீரை விடும் சிறு குழல். தொட்டியின் நீரைப் பல மணி நேரம் அசையாமல் விட்டுவைத்து, பிறகு வால்வை மெல்லத் திறந்தால், வண்ணம் ஒரே நேர்க்கோடாகக் குழாயின் நெடுகிலும் நிற்கும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில், முகப்பிலிருந்து வெகுதூரம் தள்ளி அக்கோடு திடீரெனக் கலைந்து குழாயின் எஞ்சிய பகுதியை வண்ணத்தால் நிரப்பும். மின்பொறியின் கணநேர வெளிச்சத்தில் நோக்கினாலோ, அக்கலக்கம் தனித்தனிச் சுழல்களாகத் தெரியும்.

பாடநூல்கள் இவ்விடத்தில், மேலே 250 என்றும் 16,000 என்றும் கணக்கிட்ட அளவுக்கு, 2,000 என்ற எண்ணை ஒரு வேலிபோல் நட்டுவிட்டு அப்பால் போய்விடுகின்றன. ரெனால்ட்ஸ் கண்டது அத்தனை எளிதன்று. அமைதியான நீரிலிருந்து தொடங்கியபோது, 13,000 அளவு வரையிலும் சாயக்கோடு கலையாமல் நின்றது. கலங்கிய நீரின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தபோதோ, 2,000-ஐ ஒட்டியே கலக்கம் அடங்கியது. பிற்காலத்தில் ஸ்வீடன் தேசத்து எக்மன், அதே உபகரணத்தை மேலும் கவனமாகக் கையாண்டு 40,000 வரை சென்றார். அதற்கு நேர்மாறாக, ஏறக்குறைய நூறாண்டு கழித்து மான்செஸ்டரில் அதே கருவியைப் புகைப்படமெடுத்தவர்களுக்கு, தெருவில் ஓடும் வாகனங்களின் அதிர்வினால், ரெனால்ட்ஸ் பெற்ற எண்கூடக் கிட்டவில்லை. ஆகவே 2,000 என்பது, அதற்குக் கீழே எந்தக் கலக்கமும் நிலைக்காது என்பதற்கு உத்தரவாதம். அதற்கு மேலே என்ன நேரும் என்பது, நீர் எவ்வளவு அமைதியாக உள்ளே நுழைந்தது என்பதைப் பொறுத்தது.

இதனை நம் கல்லூரிகளில் காட்டுவதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் வேண்டுவதில்லை. ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள நீண்ட கண்ணாடிக் குழாய், ஒரு தொட்டி, சிறிது பொட்டாசியம் பெர்மாங்கனேட், ஒரு லிட்டர் ஜாடி, ஒரு கடிகாரம், இவையே போதும். நீர் 30 டிகிரியில் இருக்குமானால், ஜாடி நிரம்ப 80 வினாடிக்கு மேல் பிடிக்கும்வரை எண் 2,000-க்குக் கீழேதான் நிற்கும். 20 டிகிரியில் அந்த எல்லை 64 வினாடியாகச் சுருங்கும் என்பதால், வெப்பமானியைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடக் கூடாது. முந்தின நாள் மாலையே தொட்டியை நிரப்பிவைத்து, மின்விசிறியை நிறுத்திப் பார்க்கும் ஒரு குழுவும், அப்போதே நிரப்பி மேசையில் சாய்ந்துகொண்டு பார்க்கும் மற்றொரு குழுவும் வெவ்வேறு எண்களைப் பெறும். அவ்விரண்டையும் ரெக்கார்டு நோட்டில் அப்படியே எழுத அனுமதிப்பதுதான் ஆசிரியருக்குக் கடினமான காரியம். ஏனெனில் பரீட்சகர் எதிர்பார்த்து வருவது ஒரே விடையை.

வழவழப்பான குழாயை விட்டு, உட்சுவர் சொரசொரப்பான இரும்புக் குழாய்க்கு வந்தால் இக்கணக்கு என்னவாகும் என்பதை, டிஜான் நகருக்கு நீர் கொணர்ந்த டார்ஸியின் பரிசோதனைகளோடு அடுத்த இதழில் பார்ப்போம்.