மலையோரம் – 17: பரணுக்கு இடம் பார்த்தல்

பேப்பாறை அணைக்கு மேலே, சிற்றோடை ஒன்று நீர்த்தேக்கத்தில் சேரும் இடத்தில் ஒரு மரம் எனக்குப் பிடித்துப்போனது. கவைபிரிந்த கிளை, முதுகு சாய்க்கத் தோதான தண்டு. கீழே நீர்விளிம்பு முழுவதும் தெரிந்தது. மிளா மான் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றேன். உடன் வந்த காணிக்காரப் பெரியவர் மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை சாம்பலைக் காற்றில் விட்டார். அது மெல்ல மிதந்து ஓடைப் பக்கம் இறங்கியது.

“மரத்தைப் பாத்தீங்க சாரே. நம்ம மணம் போற வழியைப் பாக்கல்ல.”

திருவனந்தபுரம் நகரத்துக் குழாயில் வரும் தண்ணீர் இந்தப் பேப்பாறையிலிருந்துதான் போகிறது. 1983இல் சரணாலயமான காடு இது. தெற்கே நெய்யாறு 1958இலேயே சரணாலயமாகிவிட்டது. இரண்டிலும் காணிப் பழங்குடிகளின் ஊர்கள் இருக்கின்றன. மலையின் தமிழ்நாட்டுப் பக்கம் பேச்சிப்பாறையிலும் பாபநாசத்திலும் இருப்பவர்கள் அதே இனத்தார். மாநில எல்லையால் இரு பக்கமாகிப் போனவர்கள். யானைக்குப் பயந்து மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டி உறங்கியவர்களின் பிள்ளைகள். கணு முளைகளைக் கட்டையாக விட்டு நறுக்கிய ஒற்றை மூங்கில்தான் அவர்களுக்கு ஏணி. தினைப்புனம் காக்க மரத்தின் மேல் கட்டிய இதணத்தைக் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் காட்டுகிறார். இந்தக் கைவேலைக்கு அவ்வளவு வயது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம். அது அப்படியே இருக்க வேண்டும். ஆனால் வேட்டைக்காரன் சேர்த்துவைத்த அறிவு வேட்டையோடு சேர்ந்து அழிய வேண்டியதில்லை. கணக்கெடுப்புக்குப் போகிறவருக்கும் படம் எடுப்பவருக்கும் அது இன்றும் தேவை. காட்டில் பிறந்தவர்களிடம் கேட்காமல் கண்ட இடத்தில் பரண் போட்டுவிட்டு, ‘விலங்கே இல்லை’ என்று திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மிளாவுக்குக் கண்ணைவிட மூக்கும் காதும்தான் காவல். மலையில் காற்று ஒரே பக்கம் நிற்காது. வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகிக் காற்று மேல்நோக்கிப் போகும். பொழுது சாய்ந்து பள்ளத்தில் நிழல் விழுந்ததும், குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலவே ஓடையோரமாகக் கீழே வழியும். நான் பார்த்த மரம் மேட்டில் இருந்தது. மாலையில் அங்கே உட்கார்ந்தால் என் வியர்வை வாடை நேரே நீர்த்துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கடற்காற்று உள்ளே வரும் நாளில் இந்தக் கணக்கும் மாறும். அதனால்தான் சாம்பல் பொட்டலம் எப்போதும் மடியில் இருக்கிறது.

காற்றுக்கு அடுத்தது தடம். பெரியவர் குனிந்து காட்டினார்: ஈரமண்ணில் பிளவுக் குளம்பு இரண்டு, ஓரம் இன்னும் உதிராமல். பக்கத்து மரத்தில் இடுப்புயரத்துக்குப் பட்டை உரிந்து, பால் கசிந்து நின்றது. கொம்பு தேய்த்த அடையாளம். புரண்டெழுந்த சேற்றுக்குழி சற்றுத் தள்ளி. விலங்கு ஏற்கெனவே போய்வரும் வழியைக் கண்டுபிடித்து அதன் ஓரமாக ஒதுங்க வேண்டும். ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926இல் ஜிம் கார்பெட் சுட்டதும், கோலாப்ராய் அருகே அது வழக்கமாக நடக்கும் யாத்திரைப் பாதையோரத்து மாமரத்தில் இருந்துதான்.

தடத்தின் மேலேயே ஏறி உட்காரவும் கூடாது. நாம் நடந்துபோகும் வழி அதன் வழியைக் குறுக்கே வெட்டினால், காலடி வாடையே போதும். மறையும் சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். பின்னால் இலையடர்த்தி வேண்டும். வெறும் வானம் இருந்தால் தலை அசைவது தெரிந்துவிடும்.

கடைசியில் அவர் காட்டியது ஓடைக்குக் கீழ்ப்புறம் கோணலாக நின்ற ஒரு மரம். பார்வைக்குக் கிடைத்தது நீர்விளிம்பில் பாதிதான். நாலரைக்கே ஏறிவிட்டோம். கொசு கடித்தும் கை ஓங்கவில்லை. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மேட்டுப்புதரிலிருந்து ஒரு பெட்டை மிளா இறங்கியது. பின்னாலேயே குட்டி. தாய் மூக்கைத் தூக்கி, நான் விரும்பிய மரத்தின் பக்கம் நெடுநேரம் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தி நீர் குடித்தது. காதுகள் மட்டும் திரும்பிக்கொண்டே இருந்தன.

(தொடரும்)