தெளிந்த தண்ணீரெல்லாம் குடிக்கத் தக்கதா?

மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் செந்நிறமாய்க் கலங்கி வந்தால், தேத்தாங்கொட்டையை மண்பானையின் உட்புறம் நன்றாக உரசிவிட்டு அதில் தண்ணீரை ஊற்றிவைப்பது நம் பழைய வழக்கம். சில மணி நேரத்தில் மண்டி அடியில் தங்கிவிடும். கலித்தொகையிலேயே இதைப் பற்றிய குறிப்பு உண்டு. நாட்டு மருந்துக் கடைகளில் அந்தக் கொட்டை இன்றும் கிடைக்கிறது.

இதே வேலையை முருங்கை விதையும் செய்யும். காயையும் கீரையையும் விரும்பிச் சாப்பிடும் நாம் முற்றிய விதையை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. சூடானில் நைல் கரைக் கிராமத்துப் பெண்கள் வெள்ளக் காலத் தண்ணீரை அதைக் கொண்டே தெளியவைத்தார்கள். 1970களில் ஜெர்மன் ஆய்வாளர் சாமியா அல் அசாரியா யான் அந்தப் பழக்கத்தைக் கவனித்து, ஆய்வகத்தில் சோதித்து எழுதினார். பின்னர் மலாவி நாட்டின் தியோலோவில், படிகாரத்துக்குப் பதிலாக இந்த விதையைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே போட்டுப் பார்த்தார்கள் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தார்.

கலங்கல் நீரிலுள்ள களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருப்பதால் அவை எளிதில் அடியில் தங்குவதில்லை. முருங்கை விதையின் புரதமோ நேர்மின்னூட்டம் கொண்டது. அது துகள்களைத் தன்பால் இழுத்துத் திரளச் செய்கிறது; கனத்த திரள் அடியில் இறங்குகிறது. பாக்டீரியாவின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம் உடையதுதான் என்பதால், அதில் பெரும்பகுதியும் சேர்ந்தே இறங்கிவிடும்.

மரத்திலேயே காய்ந்து முற்றிய விதையின் ஓட்டை நீக்கி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பை இடித்துத் தூளாக்க வேண்டும். அதைக் கொஞ்சம் நல்ல தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கலங்கல் நீரில் ஊற்ற வேண்டும். முதலில் ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் ஆடாமல் வைத்தால் போதும். மிகவும் கலங்கிய நீருக்கு லிட்டருக்கு ஒன்றிரண்டு விதை தேவைப்படும். லேசான கலங்கலுக்கு ஒரு விதை சில லிட்டருக்கு வரும்.

ஆனால் கண்ணாடி போலத் தெரியும் அந்தத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. பாக்டீரியாவில் 90 முதல் 99 சதவீதம் வரை குறையலாம். வயிற்றுப்போக்குக்கு மிச்சமிருப்பதே போதும். விதையிலிருந்து கரைந்த சத்தும் நீரில் தங்கி, எஞ்சிய கிருமிகளுக்கு உணவாகிறது. மறுநாளைக்குள் அவை மீண்டும் பெருகிவிடலாம். எனவே தெளிந்த நீரைக் கொதிக்கவைக்கவோ குளோரின் சேர்க்கவோ வேண்டும். கலங்கல் போன நீரில் குளோரின் நன்றாக வேலை செய்யும் என்பது இங்கே கிடைக்கும் பெரிய லாபம். நீரில் கரைந்திருக்கும் உப்பைப் போக்க இந்த விதையை நம்ப முடியாது. பானையில் போடும் வெட்டிவேர் மணம் தரும். அது கிருமிநீக்கம் ஆகாது.

விதையின் சத்து நீரில் தங்கும் சிக்கலுக்கு அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் ஒரு வழி கண்டார்கள். புரதத்தை மணலில் ஒட்டவைத்து, மற்றதைக் கழுவிவிட்டு, அந்த மணலால் நீரைச் சுத்தப்படுத்துவது அது. எண்ணெய் பிழிந்த பிண்ணாக்கிலும் அந்தப் புரதம் அழியாமல் இருக்கிறது. அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கைக்குக் குறைவில்லை. நம் பொறியியல் கல்லூரிகள் அந்தப் பிண்ணாக்கையும் மணலையும் வைத்து ஊர்க் குளத்து நீரில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.