உங்களுக்குத் தெரியுமா? பிரிட்டனில் தோற்ற கட்சிக்கும் கேமரா வெளிச்சம்!

● 2024 பிரிட்டன் பொதுத் தேர்தலில் ரிஃபார்ம் யு.கே. கட்சி சுமார் 41 லட்சம் வாக்குகள் வாங்கியும் 5 இடங்களில்தான் வென்றது. சுமார் 35 லட்சம் வாக்குகள் பெற்ற லிபரல் டெமாக்ரட் கட்சிக்கோ 72 இடங்கள்! ரிஃபார்மின் வாக்குகள் நாடெங்கும் சிதறின. லிபரல் டெமாக்ரட்டுகளின் வாக்குகள் வெல்லக்கூடிய தொகுதிகளில் குவிந்தன.

● நாடாளுமன்றம் கூடும் காலத்தில் புதன்கிழமைதோறும் நேரலையாகும் பிரதமர் கேள்வி நேரத்தில், எதிர்க்கட்சிகளில் இரண்டாவது பெரிய கட்சியின் தலைவருக்கு வாராவாரம் 2 கேள்விகள் உண்டு. 2015-இல் 57 இடங்களிலிருந்து 8-க்குச் சரிந்த லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 56 இடங்கள் வென்ற ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு அது போனது. 2024-இல் அது லிபரல் டெமாக்ரட்டுகளுக்குக் கைமாறியது.

● பிரிட்டனில் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்யத் தடை. அதனால் செய்திகளில் கிடைக்கும் ஒவ்வொரு நிமிடமும் சின்னக் கட்சிகளுக்குப் பொன்னானது.

● தேர்தல் காலத்தில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை, முந்தைய தேர்தல்களின் ஆதரவையும் இப்போதைய ஆதரவையும் பார்த்து ஒளிபரப்பாளர்கள் முடிவு செய்ய வேண்டும் என்கிறது ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம். நாளிதழ்களுக்கு இந்த நடுநிலை விதி கிடையாது.

● 1975 முதல் எதிர்க்கட்சிகளின் நாடாளுமன்றப் பணிக்கு ‘ஷார்ட் மணி’ என்ற அரசு நிதி தரப்படுகிறது. ஒரே ஓர் இடம் வென்ற கட்சியும் நாடு முழுக்க 1,50,000-க்கு மேல் வாக்குகள் பெற்றிருந்தால் இதற்குத் தகுதி பெறும். அத்தகைய கட்சிக்குத் தொகுதியில் தோற்ற வாக்கும் வீணாவதில்லை!